சீட் இல்லாத பதினாறு மாதம்

வலது கட்டைவிரலுக்கு அடியில், மணிக்கட்டை ஒட்டி ஒரு சின்னக் குழி இருக்கும். விரலை நன்றாக விரித்தால் தெரியும். எங்கேயாவது மோதி அடிபட்டு, அந்தக் குழியை அழுத்தும்போது சுள்ளென்று வலித்தால், எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை என்று யார் சொன்னாலும் அதோடு விட்டுவிடாதீர்கள். நான் விட்டுவிட்டேன்.

மலேசியாவில் பாந்திங் பக்கம் ஒரு செம்பனை (எண்ணெய்ப் பனை) தோட்டம்தான் எனக்கு ஊர். அப்பா டிராக்டர் ஓட்டினார், அம்மா உரம் போடப் போவார். 1999 அக்டோபரில் பக்கத்திலிருக்கும் செப்பாங் தடத்தில் முதல் எஃப்1 (ஃபார்முலா ஒன்) கார் பந்தயம் நடந்தபோது எனக்குப் பதினொரு வயது. தோட்டத்துக் கிராணி (கணக்குப்பிள்ளை) கொடுத்த டிக்கெட்டை வைத்துக்கொண்டு அப்பா என்னை மோட்டாரில் கூட்டிப்போனார். புல்மேட்டில் உட்கார்ந்து பார்த்தோம். ஜூலையில் இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோன் தடத்தில் கால் முறிந்து, ஆறு பந்தயங்களுக்கு வர முடியாமல் கிடந்த மைக்கல் ஷூமாக்கர் அன்றுதான் திரும்பி வந்திருந்தார். முந்தின நாள் தகுதிச் சுற்றில் கிட்டத்தட்ட ஒரு விநாடி வித்தியாசத்தில் முதலிடம். பந்தயத்தில் தன் அணியின் எடி இர்வைனை முன்னே போகவிட்டு இரண்டாவதாக வந்தார். "கால் ஒடிஞ்ச மனுஷன்டா" என்று அப்பா வீடு வரும்வரை சொல்லிக்கொண்டே வந்தார்.

சின்ன வயதில் பந்தயம் பழகும் குட்டிக் காரான கோ-கார்ட்டில் தொடங்க எங்களுக்கு வசதி இல்லை. ஐந்தாம் படிவம் முடித்ததும் டவுனில் ஒரு பட்டறையில் சேர்ந்தேன். சனி, ஞாயிறுகளில் செப்பாங்கில் தடத்தோரம் நின்று பாதுகாப்பு பார்க்கும் மார்ஷல் வேலை. அப்புறம் ஒரு சிறிய அணிக்கு ஸ்பேனர் பிடித்தேன். அந்த அணியின் புரோட்டோன் சாகாவில் ஒருநாள் சும்மா ஓட்டிப் பார்க்கச் சொன்னார்கள். இருபத்து மூன்று வயதில் பந்தய லைசென்ஸ் எடுத்தேன். இரண்டு சீசன் நன்றாகப் போனது. பிரிவில் ஒருமுறை மூன்றாவதாக வந்து மேடை ஏறினேன்.

மூன்றாவது சீசனில்தான் அது நடந்தது. செப்பாங்கில் பிற்பகல் மழை எப்படி வரும் என்று அங்கே போனவர்களுக்குத் தெரியும். முதல் வளைவில் வெயில் அடிக்கும், ஐந்தாம் வளைவில் கொட்டும். 2009 எஃப்1 பந்தயத்தையே 31 சுற்றோடு நிறுத்தி, பாதிப் புள்ளி கொடுத்து அனுப்பிய மழை அது. நான் மழைக்கு உதவாத வழவழ டயரில் இருந்தேன். ஐந்தாவது இடது, ஆறாவது வலது. இரண்டும் வேகமான வளைவுகள். பின்பக்கம் வழுக்கியது, பிடித்தேன், மறுபடி வழுக்கியது. சுவரில் மோதும்வரை ஸ்டீயரிங்கை விடவே இல்லை. அதுதான் தப்பு. மோதப்போகிறோம் என்று தெரிந்தால் கையை எடுத்து நெஞ்சோடு சேர்த்துக்கொள்ள வேண்டும். முன்சக்கரம் சுவரில் பட்டதும் ஸ்டீயரிங் வெடுக்கென்று திரும்பும்; கட்டைவிரல் உள்ளே இருந்தால் மணிக்கட்டுதான் வாங்கும். இதை நானே புதியவர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்பு நன்றாக இருக்கிறது, சுளுக்கு என்று மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். பன்னிரண்டு நாள் அந்தக் கையோடு பட்டறையில் வேலை செய்தேன். பதின்மூன்றாம் நாள் ஒரு போல்ட்டைத் திருகும்போது ஸ்பேனர் கையிலிருந்து நழுவி விழுந்தது. எங்கள் ஃபோர்மன் அண்ணன் ஒன்றும் பேசாமல் என் கையைப் பிடித்து அந்தக் குழியில் ஒரு விரலை வைத்து அழுத்தினார். உட்கார்ந்துவிட்டேன். "தம்பி, இது சுளுக்கு இல்ல. எனக்கு பந்து விளையாடி இதேதான் உடைஞ்சது" என்றார்.

இரண்டாவது எக்ஸ்ரேயில் கோடு தெரிந்தது. ஸ்காஃபாய்டு என்று ஒரு சின்ன எலும்பு. அதன் விரிசல் முதல் படத்தில் தெரியாமல் போவது சகஜம், பத்து பதினாலு நாள் கழித்து மறுபடி எடுத்துப் பார்க்க வேண்டும் என்று அந்த டாக்டர் விளக்கினார். அதற்கு ரத்தம் விரல் பக்கத்திலிருந்து பின்னோக்கி வருகிறது. நடுவில் உடைந்தால் உள்பக்கத் துண்டுக்கு ரத்தம் சரியாகப் போகாது; அதனால்தான் கூடுவதற்கு அவ்வளவு காலம் ஆகிறது. பன்னிரண்டு வாரம் கட்டுப் போட்டும் கூடவில்லை. கடைசியில் அறுவை செய்து உள்ளே ஒரு ஸ்குரூ வைத்தார்கள்.

கையைவிட எனக்கு வலித்தது வேறு. கட்டோடு இருந்த இரண்டாவது மாதத்திலேயே என் சீட்டை, அதாவது அணியில் கார் ஓட்டும் இடத்தை, வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். எனக்குப் பணம் போட்டுக்கொண்டிருந்த கடை முதலாளி போனை எடுக்கவில்லை. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், காரைச் சரிசெய்யவே அணிக்குப் பெரிய செலவு. ஆனாலும் இரவில் தூக்கம் வராது. ஓட்டத் தெரியும், உடம்பும் சரியாகிவிடும், உட்காரத்தான் இடம் இல்லை. இந்தத் தொழிலின் பள்ளம் இதுதான். மோதல் ஒரு நொடியில் முடிந்துவிடுகிறது.

அந்த நாட்களில் நரேன் கார்த்திகேயனை அடிக்கடி நினைத்துக்கொள்வேன். கோயம்புத்தூர்க்காரர். 2005-இல் ஜோர்டன் என்ற அணியின் காரில் எஃப்1-க்கு வந்தார், அந்த வருடம் செப்பாங்கில் பதினொன்றாவது. அடுத்த வருடம் பந்தய சீட் இல்லை. வில்லியம்ஸ் அணிக்குச் சோதனை ஓட்டுநராக இருந்தார். மறுபடி எஃப்1 பந்தயத்தில் அவர் நின்றது 2011-இல். ஆறு வருடம்! 2012-இல் செப்பாங்கில் மழை கொட்டப்போகிறது என்று கடைசி வரிசையிலிருந்தே முழு மழை டயரோடு கிளம்பினார். பந்தயத்தைச் சிவப்புக் கொடி காட்டி நிறுத்தியபோது பத்தாவது இடம். நான் அன்று புல்மேட்டில் நனைந்துகொண்டு கத்தினேன். திரும்பத் தொடங்கியதும் மோதல்களில் எல்லாம் கைவிட்டுப் போனது. அவர் ஓட்டுவதை மட்டும் விடவில்லை. ஜப்பானுக்குப் போனார், பின்னால் 2019-இல், 42 வயதில், ஃபூஜியில் பந்தயம் வென்றார். அந்தச் செய்தி வந்த அன்று பட்டறையில் எல்லோருக்கும் நான் தே தாரிக் (ஆற்றிய பால் டீ) வாங்கிக் கொடுத்தேன்.

கட்டு பிரித்ததும் மார்ஷல் வேலைக்குத் திரும்பினேன். என்னை ஆறாம் வளைவுப் பக்கமே போட்டார்கள். முதல் நாள் அந்தச் சுவரைப் பார்க்கப் பிடிக்கவில்லை. ஆனால் இரண்டு மழைப் பந்தயத்தை அங்கே நின்று பார்த்ததில் ஓட்டும்போது தெரியாத ஒன்று தெரிந்தது. காய்ந்த தடத்தில் எல்லோரும் போகும் பாதையில் டயர் ரப்பர் ஒட்டியிருக்கும். மழை பெய்தால் அந்த இடம்தான் அதிகம் வழுக்குகிறது. கெட்டிக்காரர்கள் அதை விட்டு விலகி, வெளிப்பக்கம் சொரசொரப்பான தாரில் திரும்பினார்கள். நான் மோதிய அன்று ரப்பர் மேலேயேதான் போயிருக்கிறேன். வீட்டுக்கு வந்து நோட்டில் படம் போட்டு வைத்தேன்.

லைசென்ஸ் இதற்குள் காலாவதியாகிவிட்டது. மருத்துவச் சான்றுக்குப் போனபோது இரண்டு எக்ஸ்ரேயையும் அறுவைச் சிகிச்சைக் கடிதத்தையும் கொண்டுபோனேன். அது இல்லாமல் போயிருந்தால் இன்னும் ஒரு மாதம் இழுத்திருக்கும். காகிதத்தை எல்லாம் பத்திரமாக வையுங்கள். பட்டறையில் ஒரு பழைய பந்தய சீட்டை மரச்சட்டத்தில் பொருத்தி, பெல்ட்டைக் கழற்றி எழுந்து வெளியே வரப் பழகினேன். ஃபோர்மன் அண்ணன் போனில் நேரம் பார்ப்பார். வலது கை பெல்ட் பூட்டைத் திருப்ப முதலில் மறுத்தது. மாலை நேரங்களில் ஈர அரிசிக் குண்டானுக்குள் கையை விட்டுப் பிசைந்து பிசைந்து பலம் ஏற்றினேன், அம்மா சொன்ன வைத்தியம்.

பணம் கேட்டுப் பதினோரு கடை ஏறி இறங்கினேன். "காரில் ஸ்டிக்கர் ஒட்டினா எனக்கு என்ன கிடைக்கும் தம்பி?" என்று டயர்க்கடை அண்ணன் நேராகவே கேட்டார். பெரிதாக ஒன்றும் கிடைக்காது என்றேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் கடையில் வந்து வேலை செய்வதாகச் சொன்னேன். பணம் தரவில்லை, டயர் தந்தார். சீட் வந்தது ஸ்பேனரால். செப்பாங் 1000 கிலோமீட்டர் பந்தயத்துக்கு, 5.543 கிலோமீட்டர் தடத்தில் 181 சுற்று, ஓர் அணிக்கு மூன்றாவது ஓட்டுநர் தேவைப்பட்டார். வண்டியைச் சரிசெய்யத் தெரிந்தவனாக இருந்தால் ஒரு ஆள் மிச்சம் என்றுதான் என்னை எடுத்தார்கள். எனக்கு அது போதும்.

மதியம் என் முறை வந்தது. முதல் மூன்று சுற்று ஐந்தாம் வளைவில் ஆக்சிலரேட்டரிலிருந்து கால் தானாக எழுந்தது. ரேடியோவில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. நான்காவது சுற்றில் தூறல் போட்டது. ரப்பர் பாதையை விட்டு விலகித் திரும்பினேன். டயர் பிடித்தது. அதற்கப்புறம் சுவர் கண்ணில் படவே இல்லை. பிரிவில் ஆறாவதாக முடித்தோம்.

இப்போதும் நிரந்தர சீட் கிடையாது. ஒவ்வொரு பந்தயத்துக்கும் தனியாகப் பேசித்தான் போகிறேன். அடுத்த மாதம் ஒன்று இருக்கிறது. அதற்கு மழை டயர் நாலு வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் போகும்போது கேட்க வேண்டும்.