பள்ளத்துப் பக்கத் தூண்கள்

ஹப்புத்தளை, செப்டம்பர் 21

விறாந்தைப் பலகைகளை எல்லாம் கழற்றியாகிவிட்டது. இனி யூகலிப்டஸ் தூண்கள்தான் மிச்சம். ஒரு சாண் மேலே உளி இறங்காத மரம், கொங்கிறீட்டுக்குள் நுழையும் இடத்தில் மட்டும் நகத்தால் கிள்ளினாலே தேயிலைத் தூளாக உதிர்கிறது. மரம் காய்ந்து சுருங்கும்போது கொங்கிறீட் அதனோடு சேர்ந்து சுருங்குவதில்லை. அந்த மயிரிழை இடைவெளியில் இறங்கிய மழைநீர், வெளியேற வழியின்றி ஆண்டுக்கணக்கில் அங்கேயே நின்றிருக்கிறது.

செப்டம்பர் 22

அம்மா இரவு முழுவதும் தூங்கவில்லை.

செப்டம்பர் 24

மேசன் பாஸ் வந்து பார்த்தார். "சுத்தியலால உடைச்சா அரை நாள் வேலை, தங்கச்சி" என்றார். நான் சம்மதிக்கவில்லை. சுவரோரத் தூண்கள் அம்மாவின் கட்டிலுக்கு நேர் பின்னால் இருக்கின்றன. அடிக்கும் ஒவ்வோர் அடியும் அவரது இடுப்பில்தான் விழும். பள்ளத்துப் பக்கம் அதிர்வதைச் சரிவு எப்படித் தாங்கும் என்பது அதைவிடப் பெரிய கவலை. தூணின் அடியில் ஓர் அடி அகலமும் இரண்டு அடி ஆழமும் உள்ள கொங்கிறீட் கட்டி ஏறக்குறைய 135 கிலோ இருக்கும். தோண்டி, கிளப்பி, முழுசாகத் தூக்க வேண்டும்.

செப்டம்பர் 25

மத்தியானம் இடி மட்டும்.

செப்டம்பர் 27

சுவரோரத் தூண்கள் வெளியே வந்துவிட்டன. உளுத்த மரத்தைப் பிடித்து இழுத்தால் அது அறுந்து கையோடு வந்துவிடும் என்பதால், கட்டியைச் சுற்றி அடிவரை தோண்டி, அதன் வயிற்றுக்குக் கீழே சங்கிலியைச் சுற்றினார்கள். பிறகு இரு பக்கமும் பலகை போட்டு, அவற்றின் மேல் லொறி ஜாக்கிகளை வைத்து, குறுக்கே ஒரு மரத்தைக் கிடத்தி, சங்கிலியை அதில் மாட்டிக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்தினார்கள். அலவாங்கால் ஒருமுறை அசைத்ததும், அடியில் கவ்வியிருந்த ஈரமண் ஒரு சத்தத்துடன் விட்டுக்கொடுத்தது. கட்டிக்குள் ஆழத்தில் இருந்த மரத்தைப் பாஸ் வாளால் அறுத்துக் காட்டினார். காற்றுப் படாத அந்தப் பகுதி சிவப்பு மாறாமல் இருந்தது. அம்மா எதையும் உணரவில்லை என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக இந்த மெதுவான வழி தகும்.

செப்டம்பர் 28

குழிகளைத் திறந்தபடி விட முடியாது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, கொஸ்லந்தை மீரியபெத்தையில் தோட்டத் தொழிலாளரின் லயங்களை மண்சரிவு மூடியதை அறிந்த எவரும் இந்த மலையில் நீர் தேங்க இடம் வைக்கமாட்டார்கள். ஆறு அங்குலத்துக்கு ஒருமுறை மண்ணை இடித்து இறுக்கி, மேற்பரப்பை மழைநீர்க் கானை நோக்கிச் சற்றுச் சரிவாக முடிக்கச் சொன்னேன். தம்பிமார் அலுத்துக்கொண்டாலும் செய்தார்கள்.

செப்டம்பர் 30

விளிம்பிலுள்ள கடைசித் தூணைப் பற்றியே நினைப்பு. அந்தக் கட்டியை எடுத்தால், அதைப் பற்றிக்கொண்டு நிற்கும் மண்ணும் தளரும். எடுக்காமல் விட்டால், உள்ளிருக்கும் மரம் உளுத்துக் கிண்ணம்போலத் தண்ணீரைத் தாங்கும். கட்டியை அங்கேயே விட்டு, மரத்தைக் கொங்கிறீட் மட்டத்தில் அறுத்து, மிச்சத்தை உளியால் குடைந்தெடுத்து, சீமெந்துச் சாந்தால் அடைத்துவிடுவதே சரி என்று முடிவு செய்திருக்கிறேன். பாஸும் யோசித்துவிட்டுத் தலையசைத்தார்.

ஒக்டோபர் 2

இரண்டு மணியிலிருந்து மழை. கானில் தண்ணீர் கலங்காமல்தான் ஓடுகிறது. ஆனால் நிரப்பிய குழியொன்றில் மண் இரண்டு விரற்கடை தாழ்ந்திருக்கிறது. விடிந்ததும் மறுபடி இடிக்கச் சொல்ல வேண்டும்.