ஆற்றங்கரைக்கும் தார்ச்சாலைக்கும் ஒரே மிதிவண்டி

தஞ்சாவூரிலிருந்து கோடியக்கரை வரை மூட்டையோடு நான்கு நாள் போய்வர எந்த மிதிவண்டியை வாங்கலாம் என்று சென்ற மாதத்தில் மட்டும் மூன்று நண்பர்கள் கேட்டார்கள். மூவரும் முதலில் விசாரித்தது கியர் எத்தனை என்பதைத்தான். நான் மூவரிடமும் டயரைப் பற்றியே பேசினேன். டெல்டாவில் இப்படிப் போகிறவருக்குப் பாதி வழி தார்ச்சாலை, மீதி வழி வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி ஆகியவற்றின் கரைகளிலும் வாய்க்கால் கரைகளிலும் செல்லும் மண்பாதை. ஆகவே எந்த டயர் என்பதை முதலில் முடிவு செய்துவிட்டு, அந்த டயருக்கு இடம் கொடுக்கும் வண்டியைத் தேடுவதே சரி என்பது என் உறுதியான எண்ணம்.

அகலம் 28 மில்லிமீட்டர் உள்ள டயர் தார்ச்சாலையில் சிட்டாகப் பறக்கும். ஆற்று மணல் படிந்த கரையில் ஏறியதும் புதைந்துவிடும். 55 மில்லிமீட்டர் டயர் மணலில் மிதந்து போகும், ஆனால் நாள் முழுவதும் தார்ச்சாலையில் அதை மிதிப்பது வீண் உழைப்பு. எனக்கு 40 முதல் 47 வரை உள்ள அகலம் பொருந்தியிருக்கிறது. அகலத்தைவிட முக்கியம் டயரைச் சுற்றியுள்ள இடைவெளி. திருத்துறைப்பூண்டிப் பக்கத்துக் களிமண் ஒரு மழை பெய்ததும் டயரில் அப்பிக்கொண்டு, சுற்றுக்குச் சுற்று தடித்து, மட்கார்டுக்குள் அடைந்து, சக்கரத்தை உருளவிடாமல் பிடித்து நிறுத்திவிடும். குச்சியால் குத்தி எடுத்தால் பத்தடி போகலாம், மறுபடியும் அதே கதைதான். டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே ஒரு விரல் தாராளமாக நுழையாத வண்டியை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

அடுத்தது சக்கரத்தின் அளவு. இதை நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். முன்பு என்னிடம் இருந்தது 700சி என்ற அளவுச் சக்கரம்; அதையும் 28 அங்குலம் என்றே சொல்வதுண்டு. வெண்ணாற்றங்கரையில் உடைந்த பாட்டில் ஒன்று டயரின் பக்கவாட்டை இரண்டு அங்குல நீளத்துக்குக் கிழித்துவிட்டது. அடுத்த ஊர் வரை தள்ளிக்கொண்டு போனேன். அங்கிருந்த பஞ்சர் கடைப் பெரியவர், 28 அங்குல டயர் இருக்கிறது என்று மகிழ்ச்சியோடு எடுத்துக் கொடுத்தார். மாட்டிப் பார்த்தால் அது ரிம்மில் தொளதொளவென்று ஆடியது. நம் ஊர்ப் பெரிய சைக்கிளின் 28 அங்குல ரிம் டயர் உட்காரும் இடத்தில் 635 மில்லிமீட்டர் விட்டம் கொண்டது. 700சி ரிம்முக்கு அது 622தான். பதின்மூன்று மில்லிமீட்டர் வித்தியாசத்தில் டியூப் வெளியே பிதுங்கியது. "தம்பி, இருபத்தெட்டுல இப்படி ரெண்டு தினுசு இருக்குன்னு இன்னைக்குத்தான் பார்க்கிறேன்" என்றவர், பழைய டயர் ஒன்றிலிருந்து உள்ளங்கை அளவு துண்டை வெட்டி, ஓரங்களைச் சீவி, கிழிசலின் உட்புறம் வைத்து டியூபை ஏற்றினார். அந்தத் துண்டு என்னைத் தஞ்சாவூர் வரை கொண்டுவந்து சேர்த்தது.

அதன் பிறகு மலைமிதிவண்டிகளுக்குரிய 26 அங்குலச் சக்கரத்துக்கு மாறிவிட்டேன். பிள்ளைகள் ஓட்டும் கியர் சைக்கிள்களில் பல இந்த அளவுதான் என்பதால், சிறிய ஊர்களிலும் டயர் கிடைத்துவிடுகிறது. இங்கும் ஒரு எச்சரிக்கை தேவை: 26 × 1.75 என்பது 559 மில்லிமீட்டர் ரிம்முக்கானது; சாதாரண சைக்கிள்களில் வரும் 26 × 1⅜ என்பது 590க்கானது. டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் எண்ணைப் படிக்காமல் பணம் கொடுக்க வேண்டாம். வால்வும் மோட்டார் சைக்கிளில் உள்ள வகையாகவே இருக்கட்டும். சாலையோரத்துக் கம்ப்ரசரிலேயே காற்றுப் பிடித்துக்கொள்ளலாம்.

வண்டியின் சட்டம் (ஃபிரேம்) இரும்புக் குழாயாக இருப்பதையே விரும்புகிறேன். விரிசல் விட்டால் ஊர்ப் பட்டறையில் பற்றவைத்து வீடு வந்து சேரலாம், அலுமினியத்துக்கு அந்த வசதி எளிதில் வாய்க்காது. ஸ்பிரிங் வைத்த முன் ஃபோர்க் கடையில் கண்ணைப் பறிக்கும், ஆனால் எடை கூடும், அதில் கேரியர் பொருத்துவதும் கடினம். பின் சக்கரத்தின் அச்சுக்கும் பெடல் தண்டுகள் சுழலும் நடு அச்சுக்கும் இடையே 44 சென்டிமீட்டருக்குக் குறையாமல் இருந்தால்தான் மிதிக்கும்போது குதிகால் பையில் இடிக்காது. பின் சக்கரத்தில் 36 கம்பிகள் இருப்பது நல்லது.

பிரேக், கேபிளில் இயங்கி, சக்கரத்தின் நடுவே உள்ள தட்டைப் பிடிக்கும் டிஸ்க் வகையாக இருக்கட்டும். ரிம்மைப் பிடிக்கும் பிரேக் சேற்று மணலோடு சேர்ந்து ரிம்மையே அரைத்துத் தின்றுவிடும். கியரைப் பொறுத்தவரை இங்கே மலையில்லை. எனினும் பிற்பகலில் கடற்காற்று எதிரே அடிக்க வேதாரண்யம் நோக்கி மூட்டையோடு மிதிக்கிறவருக்குச் சிறிய கியரின் அருமை தெரியும்.

தை, மாசியில் புறப்படுகிறவர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். சம்பா அறுவடை முடிந்து சாலையிலேயே நெல்லைக் காயவைத்திருப்பார்கள். நெல்லின் மீது ஏற்றாமல் இறங்கித் தள்ளிக்கொண்டு போவதுதான் முறை. ஓரத்தில் சிதறிக் கிடக்கும் வைக்கோல் பின் பற்சக்கரங்களுக்கு இடையே கயிறுபோல் சுற்றிக்கொள்ளும், செயின் தாவத் தொடங்கும். அப்போது மேலும் அழுத்தி மிதித்தால், செயினைப் பல்லுக்குப் பல் மாற்றிக் கியர் போடும் டெரெயிலரே முறிந்துவிடக்கூடும். உடனே நிறுத்தி, பெடலைப் பின்னோக்கிச் சுற்றியபடி ஒவ்வொரு தாளாகப் பிடுங்கி எடுக்க வேண்டும். அதற்கென்றே ஒரு சிறிய பேனாக்கத்தியை ஹேண்டில்பார் பையில் வைத்திருக்கிறேன்.