டோக்கன் பக்கெட் முதல் டிஎஸ்சிபி வரை: கியூஓஎஸ் பாடத்தில் மதிப்பெண் நழுவும் இடங்கள்

கேட் தேர்வுக்கோ செமஸ்டர் தேர்வுக்கோ கியூஓஎஸ் (நெட்வொர்க்கில் எந்தத் தரவுக்கு எவ்வளவு வேகம், முன்னுரிமை என்று தீர்மானிக்கும் முறைகள்) படிப்பவர்கள் முதலில் கையில் எடுக்க வேண்டியது டோக்கன் பக்கெட். டோக்கன்கள் நிலையான வேகத்தில் ஒரு பக்கெட்டில் சேரும்; தரவை அனுப்ப அவற்றைச் செலவழிக்க வேண்டும். சூத்திரம் ஒரே வரி: முழு வேகத்தில் அனுப்பக்கூடிய நேரம் = பக்கெட்டின் கொள்ளளவு ÷ (உச்ச வேகம் − டோக்கன் வரும் வேகம்). பக்கெட் காலியாகிக்கொண்டிருக்கும்போதே புது டோக்கன்களும் வந்து விழுகின்றன. அதனால் அது குறைவது இரண்டு வேகங்களின் வித்தியாசத்தில்தான். இது பிடிபட்டால் சூத்திரத்தை மனப்பாடம் செய்யவே வேண்டாம்.

2008 கேட் வினாவைப் பாருங்கள். 10 எம்பிபிஎஸ் (வினாடிக்கு மெகாபிட்) நெட்வொர்க், டோக்கன் வேகம் 2 எம்பிபிஎஸ், பக்கெட்டில் 16 மெகாபிட். விடை 16 ÷ 8 = 2 வினாடி. கொடுக்கப்பட்ட தெரிவுகளில் 1.6, 8 ஆகியவையும் இருந்தன. 16-ஐ 10-ஆல் வகுத்தவருக்கு முதலாவது, 2-ஆல் வகுத்தவருக்கு இரண்டாவது. தவறான விடை தெரிவுகளில் இருக்கிறது என்பதாலேயே அதை நம்பிவிடக் கூடாது.

2016 வினா இன்னும் ஒரு படி மேலே போகும். பக்கெட் 1 மெகாபைட், உச்ச வேகம் வினாடிக்கு 20 மெகாபைட், டோக்கன் வேகம் 10, அனுப்ப வேண்டியது 12 மெகாபைட். முழு வேகம் 1 ÷ 10 = 0.1 வினாடி நீடிக்கும். அதற்குள் 2 மெகாபைட் போய்விடும். மீதி 10 மெகாபைட், டோக்கன் வேகத்தில் 1 வினாடி. மொத்தம் 1.1 வினாடி. (12 − 1) ÷ 10 என்ற குறுக்குவழியும் இதே விடையைத் தரும். ஆனால் அனுப்பும் தரவு 2 மெகாபைட்டைத் தாண்டினால்தான் அது செல்லும். 1.5 மெகாபைட் என்று கேட்டால் குறுக்குவழி 0.05 வினாடி சொல்லும். உண்மையான விடை 1.5 ÷ 20 = 0.075. எனவே முதல் கட்டத்தில் எவ்வளவு போகும் என்பதைக் கணக்கிட்ட பிறகே அடுத்த வரிக்குப் போங்கள். பக்கெட்டைக் கிலோபைட்டிலும் வேகத்தை எம்பிபிஎஸ்ஸிலும் கொடுத்திருந்தால், 8-ஆல் பெருக்குவதுதான் முதல் வேலை.

மேக்ஸ்-மின் நியாயப் பங்கீட்டில், அதாவது குறைவாகக் கேட்பவருக்குக் கேட்டதைக் கொடுத்து மீதத்தை மற்றவர்களுக்குச் சமமாகப் பிரிப்பதில், பலர் ஒரே சுற்றோடு நிறுத்திவிடுகிறார்கள். 20 எம்பிபிஎஸ் இணைப்பை 2, 5, 8, 12 கேட்கும் நான்கு ஃப்ளோக்களுக்கு (தரவு ஓட்டங்களுக்கு)ப் பிரிக்க வேண்டும். சமபங்கு 5. அதற்குள் அடங்கும் 2, 5 இரண்டையும் கேட்டபடியே கொடுத்துவிட்டால் மீதம் 13. மற்ற இரண்டுக்கும் ஆளுக்கு 6.5. கூட்டினால் 20 வருகிறதா என்று ஒரு முறை சரிபார்த்துவிடுங்கள்.

வெயிட்டட் ஃபேர் கியூயிங்கில், அதாவது ஃப்ளோக்களுக்கு எடை கொடுத்து எந்த பேக்கெட் முதலில் போகும் என்று தீர்மானிக்கும் முறையில், முடிவு நேரம் = (வந்த நேரம், அதே ஃப்ளோவின் முந்தைய பேக்கெட்டின் முடிவு நேரம் இரண்டில் பெரியது) + நீளம் ÷ எடை. சிறிய முடிவு நேரம் உள்ளது முதலில் போகும். ஆனால் ஏற்கெனவே லைனில் போய்க்கொண்டிருக்கும் பேக்கெட்டை யாரும் நிறுத்துவதில்லை. அட்டவணை போட்டுச் செய்பவர்கள்கூட இதை மறந்து வரிசையை மாற்றி எழுதுகிறார்கள்.

தியரியில் ஆர்எஸ்விபி (வழியிலுள்ள ரூட்டர்களில் ஒரு ஃப்ளோவுக்கு வேகத்தை முன்கூட்டியே ஒதுக்கும் நெறிமுறை) கேட்டால் திசையைக் கவனியுங்கள்: பாத் செய்தி அனுப்புநரிடமிருந்து கிளம்பும், ரிசர்வ் செய்தி பெறுநரிடமிருந்து திரும்பி வரும். ஒதுக்கீடு கேட்பது பெறுநர். ஒவ்வொரு ரூட்டரும் ஒவ்வொரு ஃப்ளோவையும் நினைவில் வைக்க வேண்டியிருப்பதால், இப்படி ஃப்ளோவுக்கு ஃப்ளோ ஒதுக்கும் இன்ட்செர்வ் முறை பெரிய நெட்வொர்க்குக்குத் தாங்காது. பேக்கெட்டுகளைச் சில வகுப்புகளாக மட்டும் பிரித்து நடத்தும் டிஃப்செர்வ் வந்ததற்கு இதுவே காரணம். ஐந்து மதிப்பெண் விடையில் இந்த வரி கட்டாயம் இருக்கட்டும்.

டிஃப்செர்வில் பேக்கெட்டின் வகுப்பைக் குறிக்கும் டிஎஸ்சிபி 6 பிட். குரலுக்குரிய, தாமதமின்றி அனுப்பச் சொல்லும் இஎஃப் குறியீட்டின் மதிப்பு 46. வகுப்பையும் கைவிடும் வாய்ப்பையும் இரண்டு இலக்கங்களில் சொல்லும் ஏஎஃப் குறியீடுகளை அட்டவணையாகப் படிக்க வேண்டாம்: முதல் இலக்கத்தை 8-ஆலும் இரண்டாவதை 2-ஆலும் பெருக்கிக் கூட்டுங்கள். ஏஎஃப்41 என்றால் 34, ஏஎஃப்43 என்றால் 38. எண் பெரிதென்று 43-க்கு முன்னுரிமை எழுதாதீர்கள். இரண்டாவது இலக்கம் குறிப்பது கைவிடும் வாய்ப்பை. ஒரே வகுப்புக்குள் நெரிசல் வந்தால் 43-தான் 41-க்கு முன்னால் கைவிடப்படும்.