கத்திரி வெயிலும் கிராபிக்ஸ் கார்டும்

மே 7

வேலூரில் கத்திரி வெயில் தன் வேலையைத் தொடங்கிவிட்டது. மொட்டை மாடி அறை, மேலே ஷீட் கூரை. சித்திரை முகூர்த்தங்களில் எடுத்த கல்யாண வீடியோக்கள் எல்லாம் எடிட்டுக்குக் காத்துக் கிடக்கின்றன. மதியம் தாலி கட்டும் காட்சிக்கு நிறம் சரிசெய்துகொண்டிருந்தேன். மணப்பெண் முகத்தில் பச்சைப் புள்ளிகள். முதலில் கேமரா கோளாறு என்று நினைத்தேன். அடுத்த நொடி புள்ளிகள் திரை முழுக்கப் பரவின, திரை இருண்டது, கார்டின் ஃபேன் முழு வேகத்தில் அலறியது.

பவரை அணைத்துவிட்டு, கொஞ்சம் ஆறவிட்டு மறுபடி போட்டேன். விண்டோஸ் வருவதற்கு முன்பே, கம்ப்யூட்டர் கண் விழித்ததும் முதலில் வரும் பயாஸ் திரையிலேயே செங்குத்தாகக் கோடுகள். இது நல்ல செய்தி இல்லை. விண்டோஸுக்குள் மட்டும் கோடு வந்தால், கார்டை இயக்கும் டிரைவர் மென்பொருளைச் சந்தேகப்படலாம். பயாஸில் டிரைவரே கிடையாது.

மே 8

கார்டு ஜிடிஎக்ஸ் 1060, 6 ஜிபி. செகண்ட் ஹேண்டாக வாங்கியது. 2022 செப்டம்பரில் எத்தீரியம் மைனிங்குக்கு, அதாவது கிராபிக்ஸ் கார்டுகளைக் கணக்குப் போடவைத்து எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயத்தைச் சம்பாதிக்கும் வேலைக்கு, மூடுவிழா நடந்ததும், சுரங்கத்தில் உழைத்த கார்டுகள் சந்தையில் கொட்டின இல்லையா, அந்த அலையில் வந்தது. ராப்பகலாக மெமரியைப் பிழிந்தெடுக்கும் வேலை அது. இத்தனை நாள் ஓடியதே பெரிய விஷயம்.

கேபிளை மாற்றினேன், தம்பியின் கம்ப்யூட்டரில் போட்டேன். அங்கேயும் அதே கோடுகள். விண்டோஸின் டிவைஸ் மேனேஜரில் கோட் 43, அதாவது கார்டில் கோளாறு என்று விண்டோஸ் அதை நிறுத்திவைத்துவிட்டது.

சூட்டையும் வேகத்தையும் குறித்துவைக்கும் ஹெச்டபிள்யூஇன்ஃபோ என்ற மென்பொருளில் ஓடிக்கொண்டிருந்த பதிவைத் திறந்து பார்த்தேன். புள்ளி வருவதற்கு முந்தைய அரை மணி நேரமும் சிப் 87 டிகிரியிலேயே நின்றிருக்கிறது. சிப் வேலை செய்யும் வேகம் (கிளாக் ஸ்பீடு) படிப்படியாகக் குறைந்திருக்கிறது. சூடு ஏறினால் சிப் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். இந்த மாடலுக்கு உச்ச வரம்பு 94 டிகிரி. கணக்குப்படி வரம்பைத் தாண்டவே இல்லை. ஆனால் அந்த 87 என்பது நடுவில் இருக்கும் சிப்பின் சூடு மட்டும். சுற்றியுள்ள மெமரி சிப்புகளின் சூட்டைக் காட்ட இந்தக் கார்டில் வழியே இல்லை. அங்கே எவ்வளவு ஏறியதோ, யார் கண்டது.

மே 9

பெண் வீட்டார் போன். "தம்பி, வீடியோ எப்போ கிடைக்கும்? அமெரிக்காவுல இருந்து மாப்பிள்ளையோட அக்கா கேட்டுட்டே இருக்காங்க." அடுத்த வாரம் என்று சொல்லியிருக்கிறேன்.

என் ஐ5 பிராசஸரில் கிராபிக்ஸ் உள்ளேயே இருக்கிறது. மானிட்டரை மதர்போர்டில் செருகி, வெட்டு ஒட்டு வேலையை மட்டும் ஓட்டுகிறேன். நிறவேலை நத்தை வேகம்.

மே 10

கார்டைப் பிரித்தேன். இரண்டு ஃபேனில் ஒன்று கையால் தள்ளினாலும் சுற்றவில்லை, பேரிங் போய்விட்டது. சூட்டைக் கடத்த சிப் மேல் தடவியிருந்த பேஸ்ட் காய்ந்து உதிர்ந்தது. மெமரி சிப்புகளுக்கும், சூட்டை வாங்கி வெளியேற்றும் உலோக ஹீட் சிங்குக்கும் நடுவில் இருக்கும் தெர்மல் பேடுகள் எண்ணெய் கசிந்து மொறமொறவென்று ஆகியிருந்தன. செத்த ஃபேனுக்கு நேர் கீழே இருந்த பேடு தொட்டதும் இரண்டாகப் பிளந்தது.

ஐசோபுரொபைல் ஆல்கஹால் போட்டுத் துடைத்துவிட்டு மல்டிமீட்டரை எடுத்தேன். 12 வோல்ட் லைனில் ஷார்ட் இல்லை, அதுவரை நிம்மதி. மெயின் சிப்புக்குப் போகும் லைனில் ரெசிஸ்டன்ஸ் மிகக் குறைவாகத்தான் காட்டும். அதைப் பார்த்து ஷார்ட் என்று பதறுகிறவர்கள் உண்டு. பெரிய சிப்புகளுக்கு அது இயல்பு.

மே 12

சித்தப்பா மகன் வந்தான். அவர்களுக்கு பேக்கரி இருக்கிறது. "அண்ணா, யூடியூப்ல பார்த்தேன். நம்ம கடை ஓவன்ல பத்து நிமிஷம் வச்சு எடுத்தா கார்டு எந்திரிச்சிடும்." ரொட்டி வேகும் ஓவனில், சால்டரிங் செய்யும்போது பூசும் ஃபிளக்ஸின் புகையும் பிளாஸ்டிக் நாற்றமுமா? சித்தப்பாவுக்குத் தெரிந்தால் எங்கள் இருவரையும் சேர்த்து உள்ளே வைத்துவிடுவார்.

அவனுக்கு ஒரு கணக்கு சொன்னேன். இப்போதைய கார்டுகளில் சிப்புகளைப் பலகையோடு ஒட்டவைத்திருப்பது ஈயம் இல்லாத சால்டர் (பற்றாசு). அது உருக ஏறக்குறைய 217 டிகிரி வேண்டும். அந்த வீடியோக்களில் வைப்பதோ 200 டிகிரி. சிப்புக்கு அடியில் இருக்கும் சால்டர் உருண்டை ஒன்றுகூட உருகாது. "அப்புறம் எப்படிண்ணா சில கார்டு எந்திரிக்குது?" என்றான். நல்ல கேள்வி.

மே 14

காட்பாடியில் ரயில் ஏறி சென்ட்ரல், அங்கிருந்து மெட்ரோவில் அடுத்த ஸ்டேஷன், பிறகு நடை. எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி ஸ்ட்ரீட்டில் முதலில் ஏறிய கடைக்காரர் கார்டைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. "ஹீட் கன் அடிச்சுத் தர்றேன் சார், 1,500." எங்கே அடிப்பீர்கள் என்றதற்கு "சிப்புக்குத்தான்" என்றார். கும்பிடு போட்டுவிட்டு வந்தேன்.

நரசிங்கபுரம் தெருப் பக்கம் ஒரு மாடியில் இன்னொருவர், எல்லோரும் கூப்பிடுவது "பாய்" என்று. அவர் ஹீட் கன்னைத் தொடவே இல்லை. கார்டைத் தன் டெஸ்ட் பெஞ்சில் மாட்டி, பென் டிரைவிலிருந்து மேட்ஸ் என்ற மெமரி சோதனையை ஓட்டினார். இந்தக் கார்டில் மெமரி சிப்புகள் ஆறு, ஒவ்வொன்றும் 1 ஜிபி. ஐந்தில் பிழை பூஜ்யம். ஒன்றில் மட்டும் எண்ணிக்கை ஓடிக்கொண்டே இருந்தது. எது என்று பலகையில் விரல் வைத்துக் காட்டினார். செத்த ஃபேனுக்குக் கீழே இருந்ததேதான்.

சித்தப்பா மகன் கேட்ட கேள்வியை அவரிடமே கேட்டேன். டீ வரவழைத்துவிட்டுச் சொன்னார். சிப் என்று நாம் சொல்வது ஒரு சின்னப் பச்சைப் பலகை மேல் உட்கார்ந்திருக்கும் சிலிக்கான் துண்டு. இரண்டுக்கும் நடுவில் கண்ணுக்குத் தெரியாத சால்டர் புள்ளிகள். சூடாகி, ஆறி, சூடாகி, ஆறி அதில் விரிசல் விழும். வெளியிலிருந்து சூடு கொடுத்தால் விரிந்து தற்காலிகமாக ஒட்டும், கொஞ்ச நாளில் மறுபடி பிரியும். 2008 ஜூலையில் என்விடியாவே இப்படிப்பட்ட லேப்டாப் சிப்புகளின் பழுதுக்காக 15 முதல் 20 கோடி டாலர் வரை ஒதுக்குவதாக அறிவித்தது. ஓவன் வைத்தியம் பேர் வாங்கியது அந்தக் காலத்து சிப்புகளால்தான். "உன் கார்டுல மெயின் சிப் நல்லாத்தான் இருக்கு தம்பி. அதுல போய் சூடு வைக்கிறது, பல்வலிக்கு முழங்கால்ல ஊசி போடுற மாதிரி."

செத்த கார்டு ஒன்றிலிருந்து மெமரி சிப் எடுத்து, உருண்டை புதிதாக வைத்துப் போட 2,800 ரூபாய். கூடக் கொஞ்சம் போட்டால் இன்னொரு பழைய கார்டே வாங்கலாம்தான். அது எந்தச் சுரங்கத்திலிருந்து வந்திருக்கும் என்று யாருக்குத் தெரியும்? கொடுத்துவிட்டு வந்தேன்.

மே 18

பாய் போன் செய்தார். சிப் மாற்றி, சோதனையை இரவு முழுக்க ஓட்டியிருக்கிறார், பிழை இல்லை. ஒரு மாத வாரன்டி. போய் வாங்கிக்கொண்டு, அதே தெருவில் அதே அளவு ஃபேனும் தெர்மல் பேடும் பார்த்தேன். பேடு விஷயத்தில் தடிமன்தான் முக்கியம். பழையது எவ்வளவோ அவ்வளவே வேண்டும். கூடுதல் தடிமனாக வைத்தால் ஹீட் சிங்க் தூக்கிக்கொண்டு மெயின் சிப்பில் சரியாக உட்காராது, ஒன்றைக் காப்பாற்றப் போய் இன்னொன்று வேகும். கடைக்காரர் ஒரே அளவைத்தான் நீட்டினார், "எல்லாத்துக்கும் ஓடும் சார்". ஓடாது.

மே 20

மாட்டியாயிற்று. கார்டின் அமைப்புகளை மாற்றும் ஆஃப்டர்பர்னர் என்ற மென்பொருளில் பவர் லிமிட்டை 75 சதவீதத்துக்கு இறக்கினேன். 120 வாட் கார்டு இப்போது 90 வாட்டுக்கு மேல் இழுக்காது. எக்ஸ்போர்ட் நேரத்தில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. கேபினெட்டின் பின்பக்கம் சூட்டை வெளியே தள்ள ஒரு ஃபேன் கூடுதலாக வைத்தேன். மதியம் இரண்டு மணி, ஏசி இல்லை, முழு லோடு. 72 டிகிரி.

பெண் வீட்டாருக்கு ராத்திரி லிங்க் அனுப்பினேன். மாப்பிள்ளையின் அக்கா பார்த்துவிட்டாராம். நாதஸ்வரம் சத்தம் கொஞ்சம் அதிகம், குறைத்துத் தர முடியுமா என்று கேட்கிறார்.