பாஸ்போர்ட்டின் ஆறு மாதத்தை எந்த நாளிலிருந்து எண்ணுவது?

போன கோடை விடுமுறையில் உம்மாவைக் கப்பலில் கூட்டிப் போக ஏற்பாடு செய்திருந்தோம். சிங்கப்பூரில் ஏறி, பினாங்கு, புக்கெட் பார்த்துவிட்டுத் திரும்பவும் சிங்கப்பூரிலேயே வந்து இறங்குகிற நான்கு இரவுப் பயணம், அங்கே வேலை பார்க்கும் தம்பிதான் ஒரு ஏஜென்ட் மூலம் டிக்கெட் போட்டான். உம்மாவுக்கு இது பல வருட ஆசை. 1964 புயலில் தனுஷ்கோடி போன பிறகும் ராமேஸ்வரத்திலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் ஓடிக்கொண்டிருந்ததே, அதில் சின்னப் பிள்ளையாகத் தன் வாப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு போய் வந்தவர். கீழக்கரை ஜெட்டிப் பக்கம் போகும்போதெல்லாம் அந்தக் கதையைச் சொல்லாமல் வரமாட்டார்.

மே 2 கப்பல் ஏற வேண்டும். அதற்கு ஐந்து நாள் முன்னதாக, ஏப்ரல் 27, உம்மா, நான், ஒன்பது வயது மகன் மூன்று பேரும் திருச்சியில் விமானம் ஏறிப் போய்ச் சேர்ந்தோம். விமான நிலையத்தில் யாரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. வெளிநாடு போகும்போது பாஸ்போர்ட் முடிய இன்னும் ஆறு மாதமாவது இருக்க வேண்டும் என்பார்கள். மகனுடைய பாஸ்போர்ட் அக்டோபர் 28 வரை இருந்தது, அன்றைய கணக்குக்கு ஆறு மாதமும் ஒரு நாளும். ஏஜென்டும் முன்பே இதைப் பார்த்துவிட்டு "ஆறு மாசம் இருக்கு, போதும்" என்று சொல்லியிருந்ததால் நாங்கள் அதற்குமேல் யோசிக்கவில்லை.

மரினா பே கப்பல் முனையத்தில், கவுன்டரில் இருந்தது ஒரு தமிழ்ப் பெண். உம்மாவுடையதைப் பார்த்து வைத்தார், என்னுடையதைப் பார்த்து வைத்தார், மகனுடையதைத் திறந்து தேதிமேல் கட்டைவிரலை வைத்தபடியே பக்கத்தில் இருந்த சின்னக் காலண்டரைப் பார்த்தார். "அக்கா, நீங்க திரும்பி வர்றது மே 6. நவம்பர் 6 வரைக்கும் இருக்கணும். பையனோடது அக்டோபர் 28லேயே முடியுதே." ஒன்பது நாள் குறைவு. மேலதிகாரியைக் கூப்பிட்டார், அவரும் வந்து பார்த்துவிட்டு முடியாது என்று சொல்லிவிட்டார். கத்திப் பேசவெல்லாம் எனக்கு மனம் வரவில்லை, அவர்கள் சொன்ன கணக்கு சரியாகத்தான் இருந்தது.

இதைத்தான் நம் ஊர்ப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும் என்று எழுதுகிறேன். கப்பல் பயணத்தில் ஆறு மாதத்தை டிக்கெட் போட்ட நாளிலிருந்தோ விமானம் ஏறுகிற நாளிலிருந்தோ எண்ணக் கூடாது, கப்பலை விட்டு இறங்குகிற கடைசி நாளிலிருந்து எண்ண வேண்டும். விமானத்தில் போனால் ஒரு நாட்டுக்குள் ஒருமுறை நுழைகிறோம், அதோடு சரி. கப்பலில் அப்படியில்லை: மலேசியாவில் ஒரு நாள், தாய்லாந்தில் ஒரு நாள், அப்புறம் மறுபடியும் சிங்கப்பூர் என்று நாட்டுக்கு நாடு புதிதாக நுழைகிறோம். இந்த நாடுகள் ஆறு மாதம் கேட்பவை, இலங்கையும் அப்படித்தான். போதாததற்குக் கப்பல் கம்பெனிகளும் தங்கள் பங்குக்குப் பயணம் முடிகிற நாளிலிருந்து ஆறு மாதம் கேட்கின்றன. சிங்கப்பூர் விசாவும் இதே காரணத்துக்காகத்தான் பலமுறை நுழைகிற விசாவாக இருக்க வேண்டும், ஒருமுறை நுழைகிற விசாவோடு போனால் கடலிலிருந்து திரும்பி உள்ளே வர வழியில்லை.

குறிப்பாகப் பிள்ளைகளுடைய பாஸ்போர்ட். நமக்குப் பத்து வருடம் என்பதால் அதே நினைப்பில் இருந்துவிடுகிறோம். சிறுவர்களுக்கு 5 வருடம், அதற்குள் 18 வயது ஆகிவிட்டால் அதோடு முடிந்தது. மகனுக்கு நான்கு வயதில் எடுத்தது, அவன் வாப்பாவைப் பார்க்க துபாய் போனபோது. பீரோவில் எங்கள் மூன்று பேருடையதையும் ஒரே உறையில் போட்டு வைத்திருந்தேன். என்னுடையதைத் திறந்து பார்த்துவிட்டு எல்லாம் சரியாக இருக்கிறது என்று மூடிவிட்டேன்.

ஊரில் ஒருவர், பிறப்புச் சான்றிதழ் இருந்தாலே கப்பலில் போகலாமாமே என்று ஆங்கிலத்தில் எதையோ படித்துவிட்டு அனுப்பியிருந்தார். அது அமெரிக்கக் குடிமக்களுக்கு உள்ள சலுகை, அதுவும் அமெரிக்கத் துறைமுகத்தில் ஏறி அதே துறைமுகத்தில் இறங்குகிற பயணங்களுக்கு மட்டும். நமக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. வெளிநாட்டைத் தொடாமல் மும்பை, கோவா, கொச்சி என்று நம் கரையோடே போகிற கப்பலென்றால் ஆதார் போதும். ஒரே விசாவில் சுற்றிவரக்கூடிய ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளுக்குக் கணக்கே வேறு: அங்கிருந்து கிளம்புகிற நாளுக்கு அப்புறம் 3 மாதம் இருக்க வேண்டும், பாஸ்போர்ட் எடுத்தும் பத்து வருடத்துக்குள் இருக்க வேண்டும்.

முடிகிற தேதிக்கு ஒரு வருடம் முன்பே புதிதாக்க விண்ணப்பிக்கலாம், கடைசிவரை காத்திருக்கத் தேவையே இல்லை. நம் ராமநாதபுரம் மாவட்டத்துக்கு மதுரை பாஸ்போர்ட் அலுவலகம். பெரியவர்களுக்கு 36 பக்கப் புத்தகம் 1500 ரூபாய், தட்கல் என்றால் மேலே 2000. பிள்ளைக்கு எடுக்கும்போது தாய் தகப்பன் இருவருடைய கையெழுத்தும் கேட்பார்கள், வீட்டுக்காரர் வளைகுடாவில் இருக்கிற நம் ஊர்ப் பெண்களுக்கு அந்தத் தாள் வந்து சேரவே நாளாகும், அதையும் சேர்த்து எண்ணிக்கொள்ளுங்கள். புது பாஸ்போர்ட் வந்ததும் நம்பர் மாறிவிடும், கப்பல் டிக்கெட்டில் பழைய நம்பர் இருந்தால் சொல்லி மாற்ற வேண்டும். பழையதில் செல்லுபடியாகும் விசா இருந்தால் இரண்டையும் கையில் வைத்திருங்கள். நம் ஊர் உப்புக் காற்றில் பீரோவுக்குள் வைத்த புத்தகமே ஓரம் சுருண்டுவிடுகிறது, படம் இருக்கிற பக்கம் பிரிந்து வந்திருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

அன்றைக்கு உம்மா, "பிள்ளைய விட்டுட்டு நான் மட்டும் போறதா, எனக்கு வேணாம்" என்று பையைக் கீழே வைத்துவிட்டார். எங்களோடு கப்பல் ஏற வந்திருந்த தம்பியும் தம்பி மனைவியும் எவ்வளவோ சொல்லி, கடைசியில் மகனே "போங்க உம்மம்மா, வந்து எனக்குச் சொல்லுங்க" என்று சொன்ன பிறகுதான் அவர்களோடு உள்ளே போனார். போவதற்கு முன் கப்பலில் தின்பதற்கென்று கீழக்கரையிலிருந்து கொண்டுவந்த தொதல் டப்பாவை அவன் கையில் கொடுத்துவிட்டார். எங்கள் இரண்டு பேருடைய டிக்கெட் பணம் திரும்ப வரவில்லை, ஆவணங்களுக்குப் பயணிதான் பொறுப்பு என்று முன்பே எழுதியிருக்கிறார்களாம். பணத்தை விடுங்கள், உம்மா முகம் போன போக்குதான் இன்னும் கண்ணில் நிற்கிறது. சாயங்காலம் நானும் மகனும் மரினா பராஜ் புல்மேட்டில் உட்கார்ந்து அந்தக் கப்பல் திரும்பிக் கடலுக்குப் போகிறவரை பார்த்துக்கொண்டிருந்தோம். அவன் டப்பாவைத் திறக்கவே இல்லை.

மகனுக்குப் புது பாஸ்போர்ட் வந்துவிட்டது. நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் விடுகிறார்களே, அதில் எல்லோருமாகப் போக வேண்டும் என்று உம்மா சொல்லிக்கொண்டிருக்கிறார். போன வாரம் மூன்று பாஸ்போர்ட்டையும் மடியில் வைத்துக்கொண்டு, சுவரில் தொங்குகிற காலண்டரைப் பார்த்துப் பார்த்து மாதங்களை விரல்விட்டு எண்ணினார். அவருடையதைத்தான் முதலில் மாற்ற வேண்டும், மதுரைக்குத் தேதி எடுத்திருக்கிறேன்.