அசுவினியில் தொடங்கி அடுப்படி வரை

ஐப்பசி பிறந்துவிட்டால் எங்கள் காலை நடைக்குச் சனி பிடித்துவிடும். ஆண்டில் பெரும்பகுதி வானத்தைப் பார்த்துக்கொண்டே கிடக்கும் செட்டிநாட்டுக் கானாடுகாத்தான் மாதிரி ஊரில் மழையைக் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும் என்று என் தாயார் சொல்வார். அதனால் குறை சொல்லவில்லை. பகலெல்லாம் சும்மா இருந்துவிட்டு, விடியற்காலை ஐந்து மணிக்கு நாங்கள் செருப்பை மாட்டும் நேரம் பார்த்துக் கொட்டுகிறதே என்று மட்டும் சொல்லி வைக்கிறேன்.

நாங்கள் என்றால் நான்கு பேர். வங்கியில் மேனேஜராக இருந்தவர், பொதுப்பணித் துறையில் ஓவர்சியராக இருந்தவர், உயர்நிலைப் பள்ளியில் தமிழய்யாவாக இருந்தவர், தபால் நிலையத்தில் இருந்த நான். எல்லாருமே இருந்தவர்கள்தாம். ஆனால் ஊர் இன்றைக்கும் மேனேஜர், ஓவர்சியர், தமிழய்யா, போஸ்ட்மாஸ்டர் என்றுதான் கூப்பிடுகிறது. ஓய்வு ஆளுக்குத்தான், பதவிக்குக் கிடையாது. நால்வருக்கும் சர்க்கரை உண்டு. தினம் மூன்று கிலோமீட்டர் நடக்க வேண்டும் என்பது நால்வருக்கும் டாக்டர் உத்தரவு.

கோடையில் செட்டிநாடு ரயில் நிலையம் வரை போய்த் திரும்புவோம். மழைக்காலத்தில் அந்தச் சாலையில் குட்டை எது, குழி எது என்று இறங்கிப் பார்த்தால்தான் தெரியும். ஓவர்சியர் ஒருமுறை இறங்கிப் பார்த்தார். அன்றைக்குத்தான் மேனேஜர் அந்த யோசனையைச் சொன்னார்: "எங்கள் வீட்டுக்குள்ளேயே நடந்தால் என்ன?"

வேறு ஊரில் யாராவது இப்படிச் சொன்னால் சிரித்திருப்போம். மேனேஜர் வீட்டைப் பார்த்தவர்கள் சிரிக்க மாட்டார்கள். முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். திண்ணையும் முகப்பும் தாண்டி நிலைவாசலில் நுழைந்தால் வளவு; நடுவே வானம் பார்த்த முற்றம், சுற்றிலும் பத்தி, பத்தியை ஒட்டி ஒவ்வொரு பங்காளிக்கும் ஓர் அறை. அதைத் தாண்டினால் சாப்பாட்டுப் பத்தியோடு ரெண்டாங்கட்டு. அப்புறம் அடுப்படி, கிணறு, பின்கட்டு. முன்வாசலில் நின்று பார்த்தால் பின்வாசல் வரை ஒரே நேர்கோடு. பர்மாவில் கொண்டுவிற்றுச் சம்பாதித்த காலத்தில், அங்கிருந்தே தேக்கு வரவழைத்துக் கட்டிய வீடு. பங்காளிகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள். இத்தனை பெரிய வீட்டில் விளக்கேற்ற மேனேஜரும் அவர் மனைவி ஆச்சியும் மட்டும்தான். கூடவே, எல்லாப் பங்காளிகளும் சேர்ந்த ஒரு வாட்ஸ்அப் குழு. அதில் இரைச்சலுக்குக் குறைவே கிடையாது.

ஓவர்சியர் மறுநாளே டேப்போடு வந்துவிட்டார். முன்வாசல் படியில் இருந்து பின்வாசல் படி வரை 180 அடி. போய்த் திரும்பினால் 360 அடி. மூன்று கிலோமீட்டர் என்பது ஏறத்தாழ 9,842 அடி. காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்துக் கணக்குப் போட்டவர், "இருபத்தேழு சுற்று. மிச்சம் 122 அடி" என்றார். அந்த மிச்சத்தையும் அளந்தே தீருவேன் என்று டேப்பைப் பிடித்துக்கொண்டு போனார். அது முடிந்த இடம் ரெண்டாங்கட்டின் சாப்பாட்டுப் பத்தி. சர்க்கார் அளவு ஒன்று இத்தனை நியாயமாக முடிந்து நான் பார்த்ததில்லை.

சுற்றுகளை எண்ணுவதில்தான் தகராறு ஆரம்பித்தது. நான்கு பேரும் பேசிக்கொண்டே நடப்பவர்கள். எட்டாவது சுற்றில் அகவிலைப்படி பற்றிப் பேச்சு வந்தால் ஒன்பதாவது சுற்று காணாமல் போய்விடும். ஒரு சுற்றுக்கு ஒரு புளியங்கொட்டை என்று உழக்கில் போட்டுப் பார்த்தோம். எதற்கு வைத்திருக்கிறோம் என்று தெரியாமல் ஆச்சி அதை அள்ளிக் குப்பையில் கொட்டிவிட்டார். அப்போது தமிழய்யா சொன்னார்: "இருபத்தேழு சுற்றுக்கு இருபத்தேழு நட்சத்திரம் இருக்கும்போது கொட்டை எதற்கு? முதல் சுற்று அசுவினி, இரண்டாவது பரணி, கடைசி ரேவதி. வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே நடங்கள். மறதிக்கும் மருந்து."

அது நன்றாகவே வேலை செய்தது. விடியற்காலை இருட்டில், முற்றத்தில் மழை கொட்ட, நான்கு கிழவர்கள் கார்த்திகை, ரோகிணி, மிருகசீரிடம் என்று முனகிக்கொண்டு வரிசையாகப் போவதும் வருவதும் பார்க்கவே பக்தியாக இருக்கும். அந்தத் தெருவில் காலையில் உலாவ வந்த வெளிநாட்டுத் தம்பதி ஒருநாள் திறந்திருந்த வாசல் வழியாக எட்டிப் பார்த்தார்கள். உடன் வந்த வழிகாட்டிப் பையன் கொஞ்சமும் யோசிக்காமல், இருபத்தேழு நட்சத்திரங்களுக்கும் செட்டிநாட்டில் இப்படி வலம் வரும் நோன்பு உண்டு என்று சொல்லிவிட்டான். அந்த அம்மாள் கைகூப்பினார், செருப்பைக் கழற்றினார், மகத்தில் எங்களோடு சேர்ந்துகொண்டார். ரேவதி வரை ஒரு சுற்றும் விடவில்லை. அந்த வீட்டில் இதுவரை ஒழுங்காக நடந்தவர் அவர் ஒருவர்தான் என்பது என் கருத்து.

ஏனென்றால் எங்களுக்கு ஆச்சி இருந்தார். முதல் இரண்டு நாள் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தவர், நான்கு ஆண்பிள்ளைகள் கையை வீசிக்கொண்டு அடுப்படிக்கும் முகப்புக்கும் சும்மா போய்வருவதைப் பொறுக்க முடியாமல் மூன்றாம் நாள் வாயைத் திறந்தார். "போஸ்ட்மாஸ்டர், அந்தப் பக்கம் போகிறபோது இந்தச் சொம்பை முகப்பில் வைத்துவிடுங்கள். வருகிறபோது பேப்பர் வந்திருந்தால் எடுத்து வாருங்கள்." பிறகு ஓவர்சியர் கையில் சுளகு. தமிழய்யா கையில் விளக்குமாறு. தோப்பில் இருந்து வந்த தேங்காய் முகப்பில் குவிந்து கிடந்தது. ஒரு சுற்றுக்கு ஆளுக்கு ஒரு காய் என்று ஆயில்யம் முடிவதற்குள் குவியல் பின்கட்டுக்குப் போய்விட்டது. தபால் இலாகாவில் இத்தனை வருஷம் இருந்தும் இவ்வளவு திறமையான பட்டுவாடாவை நான் கண்டதில்லை.

ஆச்சி எங்களை விரட்டாமல் விட்டதற்கு வேறொரு காரணமும் உண்டு. தரை முழுக்க ஆத்தங்குடிக் கல். இது சூளையில் சுடும் கல் அல்ல. கண்ணாடியின் மேல் வண்ணச் சாந்தை ஊற்றி, மணலும் சிமெண்டும் போட்டு, தண்ணீரில் ஊறவைத்து எடுப்பது. அந்தக் கண்ணாடி கொடுத்த வழவழப்பு, கால் பட்டுப் பட்டு, துடைக்கத் துடைக்க ஏறிக்கொண்டே போகும். ஆள் நடமாடாத வீட்டில் மங்கிவிடும். கல்யாணம், காட்சி என்று கூட்டம் கூடி எத்தனையோ காலமான அந்தப் பத்தியில் எட்டுக் கால்கள் தினமும் ஏறி இறங்கியதில், கார்த்திகை பிறப்பதற்குள் கல் பளபளக்க ஆரம்பித்துவிட்டது. ஆச்சிக்கு வாயெல்லாம் பல். ஒரு வாரம் கழித்துத்தான் குறையைக் கண்டுபிடித்தார்.

"நீங்கள் எல்லாரும் நடுவிலேயே நடக்கிறீர்கள். நடுவில் மட்டும் மின்னுகிறது, ஓரமெல்லாம் அப்படியே கிடக்கிறது. பாதி நட்சத்திரத்துக்கு இடது ஓரம், பாதிக்கு வலது ஓரம். செருப்பு, காலுறை ஒன்றும் கூடாது."

எந்த மேலதிகாரிக்கும் வாலாட்டாத மேனேஜர் மறுநாள் முதல் சுவரை உரசிக்கொண்டு நடந்தார்.

மழை அதிகமான நாட்களில் முற்றத்துத் தகரக் குழாய்களின் கீழே பித்தளை அண்டாக்களை வரிசையாக வைத்துவிடுவார் ஆச்சி. மழைத் தண்ணீரில் வெந்தால்தான் பருப்பு பஞ்சாகும் என்பது இங்கே எல்லா வீட்டுக்கும் தெரிந்த பாடம். எங்கள் கிணற்று உப்பில் அது மணிக்கணக்கில் கொதித்தாலும் முறைத்துக்கொண்டு கிடக்கும். அண்டா நிரம்பினால் தூக்கி வைக்க ஆள் வேண்டும். அந்த நேரம் பார்த்து நாங்கள் எந்த நட்சத்திரத்தில் இருக்கிறோம் என்பது ஒரு பொருட்டே அல்ல. அண்டா கழுத்தில் பொறித்திருக்கும் விலாசத்தைத் தமிழய்யா தினம் ஒருமுறை தடவிப் படிப்பார். யாருடைய பாட்டி சீதனமாகக் கொண்டுவந்தது என்று மேனேஜர் வம்ச வரலாறு சொல்வார். அண்டாவைத் தூக்குவது நானும் ஓவர்சியரும்.

மேனேஜரின் நடையில் ஏதோ கோளாறு இருக்கிறது என்று எனக்கு முதலிலேயே சந்தேகம். எல்லாரையும்விட மெதுவாக நடப்பவர் எல்லாருக்கும் முன்னால் ரேவதியை முடித்துவிட்டுச் சாப்பாட்டுப் பத்தியில் உட்கார்ந்திருப்பார். கையில் வெள்ளைப் பணியாரமும் மிளகாய்ச் சட்னியும் இருக்கும். கேட்டால், "வங்கியில் கணக்கு முடித்த வேகம்" என்பார்.

உண்மை சிங்கப்பூரில் இருந்து வந்தது. வளவில் பித்தளைச் சாமான்கள் இருக்கின்றனவே என்று பங்காளிகள் பொதுப்பணத்தில் நிலைவாசலுக்கு மேலே ஒரு கேமரா மாட்டியிருந்தார்கள். அதை யாரும் பார்ப்பதில்லை என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். ஒருநாள் காலை ஐந்தரைக்கு மேனேஜரின் சித்தப்பா மகன் பதறிப்போய்க் கூப்பிட்டார். அங்கே மணி எட்டு. காபி குடித்துக்கொண்டே தற்செயலாகக் கைப்பேசியைத் திறந்திருக்கிறார்.

"அண்ணே, கதவைத் தாழ் போட்டுக்கொள்ளுங்கள்! வளவில் நாலு பேர் குல்லாப் போட்டுக்கொண்டு சுற்றுகிறார்கள். ஒருத்தன் கையில் தேங்காய் இருக்கிறது!"

தேங்காய் வைத்திருந்தவன் நான்தான். கைப்பேசியை வாங்கிப் பேசியது ஆச்சி. "திருடனாக இருந்தால் இதற்குள் ஏதாவது உருப்படியாகத் தூக்கிக்கொண்டு போயிருப்பான். இது உங்கள் அண்ணனும் கூட்டாளிகளும்" என்றார்.

விஷயம் அதோடு முடிந்திருக்க வேண்டும். அந்தத் தம்பிக்கோ நாங்கள் பொழுதுபோக்காகிவிட்டோம். தினமும் காலைக் காபியோடு எங்களைப் பார்க்க ஆரம்பித்தார். பார்ப்பவர் சும்மா பார்க்காமல் எண்ணவும் ஆரம்பித்தார். அவர் தணிக்கைத் துறைக்காரர். பத்து நாள் கழித்துப் பங்காளிகள் குழுவில் ஒரு அட்டவணையே போட்டுவிட்டார். இருபத்தேழு சுற்று என்றால் ஓர் ஆள் வளவைப் போக ஒன்று, வர ஒன்றாக 54 முறை கடக்க வேண்டும். தமிழய்யா 54. ஓவர்சியர் 54. போஸ்ட்மாஸ்டர் 54, சில நாள் 52. நம் அண்ணன் 38.

பத்தொன்பது சுற்று! எட்டுச் சுற்று எங்கே போனது என்று விசாரணை நடந்தது. தமிழய்யாதான் விசாரணை அதிகாரி. மேனேஜரை நட்சத்திரங்களை வரிசையாகச் சொல்லச் சொன்னார். அசுவினியில் ஆரம்பித்துத் தடங்கல் இல்லாமல் வந்தவர், "மகம், பூரம்" என்று சொல்லி மூச்சு வாங்கி, "பூராடம், உத்திராடம், திருவோணம்" என்று போனார்.

தமிழய்யா முகம் சிவந்துவிட்டது. "பூரத்துக்கு அடுத்தது உத்திரம் ஐயா! உத்திரம், அஸ்தம், சித்திரை, சுவாதி, விசாகம், அனுஷம், கேட்டை, மூலம். எட்டு நட்சத்திரத்தை விழுங்கிவிட்டீரே!"

"எல்லாம் ஒன்றுபோலவே இருக்கின்றன. வாய் வழுக்கிவிட்டது" என்றார் மேனேஜர். எங்கள் தமிழய்யாவின் பேரன் அனுஷத்தில் பிறந்தவன். அவர் அதைச் சொந்த அவமானமாகவே எடுத்துக்கொண்டார். தினமும் அதே இடத்தில் மட்டும் வாய் வழுக்குமா, திருவோணத்தில் ஒருநாள்கூட ஏன் வழுக்கவில்லை என்று ஓவர்சியர் கேட்டார். அதற்குப் பதில் இல்லை. பூரத்துக்குப் பூரட்டாதி என்று வழுக்கியிருந்தால் இன்னும் ஐந்து சுற்று மிச்சமாகியிருக்கும், அதைச் செய்யாத அவருடைய நேர்மையையும் நாம் பார்க்க வேண்டும் என்று நான் சொன்னேன். அதை யாரும் ரசிக்கவில்லை.

அன்று முதல் மேனேஜர் பூரம் முடிந்ததும் ஆச்சி அடுப்படியில் இருந்து, "அடுத்தது உத்திரம்" என்று குரல் கொடுப்பார். பணியாரத் தட்டு ரேவதிக்குப் பிறகுதான் வெளியே வரும். அந்த 122 அடியும் சேர்த்து.

மார்கழியில் பிள்ளையார் நோன்புக்குச் சிங்கப்பூர்த் தம்பி ஊருக்கு வந்தார். திருக்கார்த்திகையில் இருந்து இருபத்தொன்றாம் நாள், இருபத்தொரு நூல் திரித்த திரியை மாவில் வைத்து, சுடரோடு வாயில் போட்டுக்கொள்ளும் நோன்பு. இழை எடுப்பது என்பார்கள். எந்த நாட்டில் இருந்தாலும் முடிந்தவர்கள் ஊருக்கு வந்து பெரியவர்கள் கையால் இழை வாங்கிக்கொள்வார்கள். வந்தவர் மறுநாள் விடியற்காலையிலேயே தடித்த வெள்ளைக் காலணியோடு வளவில் வந்து நின்றார். "இத்தனை நாள் பார்த்துக்கொண்டே இருந்தேன். இன்றைக்கு நானும் வருகிறேன். அண்ணே, பொய்க் கணக்கு கூடாது" என்று மேனேஜர் தோளைத் தட்டினார்.

காலணியை ஆச்சி கழற்ற வைத்தார். மார்கழிக் குளிரில் ஆத்தங்குடிக் கல்லில் வெறுங்காலை வைத்தால் உச்சந்தலை வரை ஏறும். ரோகிணி வரை துள்ளித் துள்ளி நடந்தார். திருவாதிரையில் பேச்சு நின்றது. மகத்தில் தூணைப் பிடித்துக்கொண்டு அதன் வேலைப்பாட்டை ரசித்தார். பூரத்தில் மறுபடியும் அதே தூணை ரசித்தார். எங்களை முன்னால் போகவிட்டு, பன்னிரண்டாவது சுற்றுக்குக் கிளம்பும்போது மிகத் தெளிவான குரலில் "உத்திரட்டாதி" என்றார். அதற்கு அடுத்தது ரேவதிதான்.

மேனேஜர் அப்படியே நின்றுவிட்டார். ஆனால் அவர் வாயைத் திறப்பதற்குள் தம்பியின் சட்டைப் பையில் கைப்பேசி அடித்தது. ஒலிபெருக்கியில் இருந்ததால் எல்லாருக்கும் கேட்டது. பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்காகச் சிங்கப்பூரிலேயே இருந்துவிட்ட அவர் மனைவிதான்.

"என்ன, உட்காரப் போகிறீர்களா? இதுவரை இருபத்துமூன்று தடவைதான் கடந்திருக்கிறீர்கள். நான் எண்ணிக்கொண்டுதான் இருக்கிறேன்."

தம்பி கேமராவைப் பார்த்தார். மேனேஜர் தம்பியைப் பார்த்தார். ஆச்சி பேசாமல் முகப்புக்குப் போய், முந்தின நாள் வந்து இறங்கியிருந்த குவியலில் இருந்து ஒரு தேங்காயை எடுத்துவந்து கொழுந்தன் கையில் கொடுத்தார்.