டர்பன்ல உக்காந்து தமிழ்ல குரல் குடுத்து சம்பாதிக்கிறது

இங்க தென்னாப்பிரிக்கால, டர்பன்ல நம்ம இந்திய வம்சாவளி ஆளுங்க நெறைய இருக்கிற சாட்ஸ்வொர்த்ல யார்கிட்ட வாய்ஸ் ஓவர் பண்றேன்னு சொன்னாலும் இங்கிலீஷ்ல ஆரம்பிச்சு கடைசில கண்ணுன்னு முடிப்பாங்க, "அப்ப லோட்டஸ் எஃப்எம்ல சேரலாமே கண்ணு". 1983லேர்ந்து நம்மாளுங்க வீட்ல ஓடுற ஸ்டேஷன், குரல்னாலே அதான் ஞாபகம் வரும், தப்பே இல்ல. ஆனா நான் பண்றது ரேடியோ இல்ல. ஏதோ ஒரு கம்பெனி ஊழியர்களுக்கு ட்ரெயினிங் வீடியோ போடும், ஒரு ஆஸ்பத்திரி போன் லைன்ல "ஒன்றை அழுத்தவும்"னு சொல்ல ஆள் வேணும், லண்டன்ல ஒரு ஏஜென்சி பத்து மொழில ஒரே வீடியோ கேக்கும், அதுல தமிழ் எனக்கு வரும். பளபளப்பான வேலையெல்லாம் இல்லீங்க, ஆனா வாடகை குடுக்குது.

நிறைய பேர் மெசேஜ் பண்ணி "என் குரல் நல்லா இருக்குன்னு எல்லாரும் சொல்றாங்க, நானும் வரலாமா"ன்னு கேக்குறீங்க. வாங்க, ஆனா குரல் நல்லா இருக்குன்னு சொல்ற யாரும் காசு குடுக்கப்போறதில்ல. காசு குடுக்கிறவங்க பாக்குறது வேற, சொன்ன நேரத்துக்கு ஃபைல் வருதா, பின்னாடி சத்தம் இல்லாம இருக்கா, நாலு மாசம் கழிச்சு ரெண்டு வரி மாத்தி கேட்டா அதே மாதிரி சத்தத்துல படிச்சு தருவாங்களா. இந்த மூணாவதுதான் ஒரு கிளையண்ட்ட வருஷக்கணக்குல நம்மகிட்ட வச்சிருக்கும். அதுக்கு மைக் எவ்ளோ தூரம், கெயின் (மைக்ல வர்ற சத்தத்த எவ்ளோ கூட்டி வச்சோம்ங்கிறது) எதுல இருந்துச்சுன்னு ஒவ்வொரு வேலைக்கும் எழுதி வச்சுக்கோங்க.

சத்தம்னு சொன்னேன்ல, அதான் டர்பன்ல பெரிய தலைவலி. விடிஞ்சா ஹடீடா பறவை கத்தும், அது கத்துறத கேட்டவங்களுக்குத்தான் தெரியும், அப்புறம் குரங்கு கூரைல ஓடும், பக்கத்து வீட்டு பூல் பம்ப், ஆடி மாசம் மாரியம்மன் கஞ்சி பூசைக்கு தெருவுக்கு ஒரு ஸ்பீக்கர். ஆடியோபுக் காரங்க கேக்குற அளவு மைனஸ் 60 டெசிபலுக்கு கீழ பின்னணி சத்தம் இருக்கணும்ங்கிறது, மத்த கிளையண்ட்டுங்களும் அதையேதான் கேக்குறாங்க. விலை ஒசந்த மைக் வாங்குனா அந்த ஹடீடாவ இன்னும் தெளிவா கேக்கலாம், அவ்ளோதான். முதல் காச ரூமுக்கு செலவு பண்ணுங்க. என் ஸ்டூடியோ துணி நெறஞ்ச அலமாரியும் நாலு கனமான போர்வையும்தான், ஜனவரி புழுக்கத்துல உள்ள வெந்துடுவோம், ஃபேனும் போட முடியாது, சட்டை மாத்தி மாத்தி படிக்க வேண்டியதுதான்.

2023ல லோட்ஷெடிங், அதான் முறை வச்சு பண்ற மின்வெட்டு, உச்சத்துல இருந்தப்ப எல்லாரும் எப்படி சமாளிக்கிறேன்னு கேட்டாங்க. லேப்டாப் பேட்டரி, மைக்க லேப்டாப்போட இணைக்க யூஎஸ்பிலயே கரண்ட் எடுக்கிற ஆடியோ இன்டர்ஃபேஸ், அனுப்ப போன் ஹாட்ஸ்பாட், இது போதும். சொல்லப்போனா கரண்ட் போன முதல் சில நிமிஷம் தெருவே கப்சிப்னு ஆயிடும், ஃப்ரிட்ஜ் இல்ல பம்ப் இல்ல, அப்ப படிச்சதெல்லாம் சூப்பரா வந்திருக்கு. அப்புறம் ஒவ்வொருத்தரா ஜெனரேட்டர இழுப்பாங்க, கடைய சாத்திட வேண்டியதுதான்.

இப்ப ரேட்டுக்கு வரேன், இதான் முக்கியம். வார்த்தைக்கு இவ்ளோன்னு ரேட் சொன்னா தமிழ்காரங்க ஒத்துக்காதீங்க. இங்கிலீஷ்ல நிமிஷத்துக்கு 150 வார்த்தைன்னு ஒரு பொதுக்கணக்கு, அந்த கணக்குல போட்ட ரேட்ட அப்படியே தமிழுக்கும் நீட்டுவாங்க. நம்ம வார்த்தை ஒவ்வொண்ணும் நீளம், என் வேகத்துல நிமிஷத்துக்கு நூறு வந்தாலே பெருசு, அதே நேரம் அதே தொண்டை, கூலி மட்டும் மூணுல ஒரு பங்கு கம்மி. அதனால முடிஞ்ச ஆடியோ ஒரு நிமிஷத்துக்கு இவ்ளோன்னு பேசுங்க. வீடியோ நேரத்துக்குள்ள அடங்கணும்னு கேட்டா அதுக்கு தனியா, ஏன்னா இங்கிலீஷ்ல பத்து செகண்டுல சொன்னத தமிழ்ல பதிமூணு செகண்டுக்கு எழுதி அனுப்பிட்டு வேகமா படிங்கம்பாங்க. வேகமா படிக்கக்கூடாது, வரிய சுருக்கித்தரணும், அது எடிட்டிங் வேலை. எங்க எவ்ளோ நாள் ஓடப்போகுதுன்னும் கேளுங்க. ஆபீஸ் உள்ள ஓடுற வீடியோவுக்கும் டிவி விளம்பரத்துக்கும் ஒரே காசு வாங்குறவங்கதான் அடுத்தவன் ரேட்டையும் சேத்து கெடுக்கிறாங்க, கோவம் வந்தா வரட்டும்.

டைம்சோன் நமக்கு சாதகம். சென்னை மூணரை மணி நேரம் முன்னாடி ஓடுது, அவங்க சாயங்காலம் ஆறு மணிக்கு ஸ்க்ரிப்ட் தள்ளிட்டு கெளம்புனா இங்க மத்தியானம் ரெண்டரை, அவங்க காலைல வரும்போது ஃபைல் இருக்கும். லண்டன் ஒரு மணியோ ரெண்டு மணியோதான் பின்னாடி, லைவ் செஷனே வச்சுக்கலாம்.

ஏஐ பத்தி கேக்காம விடமாட்டீங்க. போன் லைன் வேலை குறைஞ்சிருச்சு, உண்மைதான். அத விட பயப்பட வேண்டியது ஒப்பந்தத்த. கனடாவ சேர்ந்த வாய்ஸ் ஓவர் கலைஞர் பெவ் ஸ்டாண்டிங் மொழிபெயர்ப்பு வேலைன்னு நம்பி படிச்சு குடுத்த குரல் டிக்டாக்ல எழுத்த படிக்கிற குரலா வந்து நின்னுச்சு, 2021ல கேஸ் போட்டாங்க, அந்த வருஷமே சமரசம் ஆச்சு. அதனால நான் அனுப்புற ஒவ்வொரு கொட்டேஷன்லயும் இந்த ரெக்கார்டிங்க வச்சு செயற்கைக்குரல் உருவாக்கவோ ட்ரெயின் பண்ணவோ அனுமதி இல்லைன்னு ஒரு வரி இருக்கும். அதுக்கு கையெழுத்து போடமாட்டேன்னு சொல்ற கிளையண்ட் எதுக்கு வந்தாருன்னு அங்கயே தெரிஞ்சுடும்.

காசு விஷயம் சுருக்கமா. புது கிளையண்ட்னா பாதி முன்பணம். ஃபைவர் மாதிரி ஆன்லைன்ல வேலை புடிக்கிற தளத்துல 20 சதவீதம் கமிஷனா போயிடும், அத சேத்தே விலை வைங்க. பேபால்ல வர்றத இங்க எஃப்என்பி பேங்க் வழியாத்தான் எடுக்கணும். அப்புறம் சார்ஸ், அதான் இங்க வரி வாங்குற துறை, ஃப்ரீலான்ஸ்னா ப்ரொவிஷனல் டேக்ஸ்னு நாமளே கணிச்சு தவணையா கட்டணும், ஆகஸ்ட் கடைசில ஒண்ணு பிப்ரவரி கடைசில ஒண்ணு. வர்ற ஒவ்வொரு ரேண்ட்லயும் ஒரு பங்க வேற அக்கவுண்ட்ல தள்ளி வச்சுட்டு அப்புறம் மைக் பாருங்க.